மறுமுனையில் கேபிள் கொடுத்தவர்

2025 பெப்ரவரி 22, சனிக்கிழமை. காலை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். ஐந்தேகாலுக்குத் தொழிற்சாலைக்குப் போய், கொழுந்து வாட்டும் மாடியை ஒரு சுற்றுப் பார்த்து, அரைவை தொடங்கும்வரை நின்றேன். ஏழு இருபதுக்கு வீடு. ரொட்டியும் சம்பலும், பிறகு பிரஷர் மாத்திரை. எட்டு மணிக்கு ஹாலில் புரொஜெக்டரைப் போட்டுப் பார்த்தேன். நாட்குறிப்பில் அந்த நாளின் முதல் ஆறு வரிகளில் வேறொன்றும் இல்லை.

இதை வாசிக்கும் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் இப்படி ஒன்றை வேறு யாராவது சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு நேரத்தைப் பார்த்திருப்பேன். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் டீ மேக்கராக இருக்கிறேன். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தேயிலையாகிப் பெட்டிக்குள் போகும்வரை பொறுப்பு என்னுடையது. எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று எழுதி எழுதி, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கொழுந்து அதிகமான காலங்களில் இரவு இரண்டு மணிக்குக்கூட மயானத்தை ஒட்டிய குறுக்குப் பாதையில் தனியாகப் போயிருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் அங்கே நான் கண்டது ஒரு முள்ளம்பன்றி, அதுவும் ஒரே ஒரு தடவை. பேய், ஆவி, காத்துக்கறுப்பு எதையும் நான் நம்பியதில்லை. இப்போது நம்புகிறேனா என்று கேட்டால், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று மாலை ஆறரைக்கு என் அக்கா மகள் ஜெனிட்டாவுக்கு லண்டனில் கல்யாணம். அங்கே பகல் ஒரு மணி. அக்காவுக்கும் அத்தானுக்கும் விசா கிடைக்கவில்லை. இரண்டு தரம் போட்டும் கிடைக்கவில்லை. மாதா கோயிலில் நடப்பதை நேரடியாக அனுப்புவதாகப் பிள்ளை சொல்லியிருந்தது. அக்காவுக்குச் சீனி வருத்தம் கண்ணில் இறங்கிவிட்டது. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு, அதைச் சுற்றித்தான் கொஞ்சம் தெரியும். போனைக் கையில் கொடுத்தால் வெளிச்சம் தெரிகிறது என்பாள், அவ்வளவுதான். முகம் ஒரு கதவளவு வந்தால்தான் அவளுக்கு அது முகம். அதற்காகத்தான் இருவரும் வியாழக்கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஹாலின் வெள்ளைச் சுவரில் ஜெனிட்டாவின் முகம் கதவைவிடப் பெரிதாக வரும்.

எங்கள் வீடு பழைய உத்தியோகத்தர் வீடு. கல் சுவர், தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை சீலிங். இன்டர்நெட் சிக்னல் வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் பிடிக்கும்: பின்பக்க அறையின் ஜன்னலோரம். எதிர் மலையில் டவர் இருக்கிறது. அந்த அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து வாசல் கிடையாது. குசினி வழியாக வெளியே இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். எனவே லெப்டொப் அங்கே, புரொஜெக்டர் ஹாலில், நடுவே அக்கா படுத்திருந்த அறை. இரண்டையும் இணைக்க 2019-இல் சீலிங்குக்கு மேலால் பதினைந்து மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டிருந்தேன். தரை வழியாகச் சுற்றினால் முப்பது மீட்டருக்கு மேல்.

வியாழக்கிழமை மாலை நன்றாக இருந்த படம், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெட்டத் தொடங்கியது. முதலில் வெள்ளைப் புள்ளிகள், மழைப்பூச்சி பறப்பதைப்போல. பிறகு சுவர் முழுவதும் கறுத்து, நான்கு நொடி கழித்துத் திரும்ப வந்தது. பிறகு வரவேயில்லை. 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் நின்றது. லெப்டொப்பை ஹாலுக்குக் கொண்டுவந்து ஒன்றரை மீட்டர் கேபிளால் இணைத்தேன். படம் சுத்தம். ஆகவே லெப்டொப்பும் புரொஜெக்டரும் சரி, பழுது நீளக் கேபிளில். படத்தின் தரத்தை ஒரு படி குறைத்துப் பார்த்தேன், இரண்டு நிமிடம் நின்றது. இன்னும் குறைத்தேன், ஐந்து நிமிடம். கல்யாணம் ஒரு மணி நேரம் போகும்.

ஹட்டன் டவுனில் கேபிள், அன்டெனா விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், நானா என்போம். ஒன்பதரை பஸ்ஸில் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சேர், சாதா கேபிள்னா பத்து மீட்டருக்கு அங்கால படத்துக்கு மூச்சு வாங்கும்" என்றார். "உங்கட கேபிள் ஆறு வருசமா மூச்சப் புடிச்சிக்கிட்டு ஓடியிருக்கு. பாவம், விட்ருங்க."

இருபது மீட்டர் பைபர் கேபிள் ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே கண்ணாடி நூல். ஒரு முனை டீவிப் பக்கம், மறுமுனை லெப்டொப் பக்கம் என்று எழுதியிருந்தது.

"மாத்திக் குத்தினீங்கன்னா கியாமத் நாள் வரைக்கும் படம் வராது. அதவிட முக்கியம், இத மடிச்சிராதீங்க. கைப்புள்ள கழுத்தப் புடிக்கிற மாதிரி புடிக்கணும். ஒரு மொடக்குல சுள்ளுன்னு இழுத்தீங்க, முடிஞ்சு. டவுன்ல இது ஒன்னுதான் இருக்கு. அடுத்தது கொழும்புல இருந்து செவ்வாக்கிழமதான்."

ஒன்றேகாலுக்கு வீடு திரும்பினேன். போடுவதற்கு முன்பே புதுக் கேபிளை ஹால் தரையில் விரித்து, இரண்டு முனையையும் குத்தி, இருபது நிமிடம் படம் ஓடவிட்டேன். ஒரு புள்ளிகூட இல்லை.

சீலிங்குக்கு மேலே ஆள் போக முடியாது, பலகை தாங்காது. அதனால் எல்லோரும் செய்கிற வழிதான்: பின்னறையில் பழைய கேபிளின் முனையோடு புதுக் கேபிளின் டீவிப் பக்கத்து முனையைச் சேர்த்துக் கட்டி, ஹாலில் நின்று பழையதை இழுத்தால் புதியது பின்னால் வரும். பின்னறையில் ஒருவர் ஏணியில் நின்று, சீலிங் ஓட்டைக்குள் கேபிளை முறுக்கில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையை அத்தான் எடுத்துக்கொண்டார். அந்த வாரம்தான் கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்ட அக்கா நடு அறையில் படுத்திருந்ததால் சத்தம் போடக் கூடாது. ஹாலில் போனும் வேலை செய்யாது. எனவே சைகை தேவைப்பட்டது.

"கம்பியில கொழுந்து அனுப்புன ஆளுக்கு சைக சொல்லிக் குடுக்கிறீங்களா மச்சான்?" என்றார் அத்தான்.

அவர் இளவயதில் மேல்மலையில் கொழுந்துக் கம்பியில் வேலை செய்தவர். முன்பெல்லாம் உயரமான மலையிலிருந்து கொழுந்துச் சாக்குகளைக் கொக்கியில் மாட்டிக் கம்பியில் சறுக்கிவிடுவார்கள், கீழே கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் போய் விழும். மேலே நிற்பவனும் கீழே நிற்பவனும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, பாதி நாள் பனி வேறு. கம்பியில் கட்டையால் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் அனுப்பு. மூன்று என்றால் சாக்கு கிளம்பிவிட்டது. தட்டுக்குப் பதிலாகக் கேபிளைச் சுண்டுவது என்று முடிவு செய்தோம். ஒரு சுண்டு நில், இரண்டு சுண்டு இழு. மூன்று எங்களுக்குத் தேவையில்லை என்று நான் சொன்னேன். அவரும் சரி என்றார்.

மூன்று மணிக்கே பனி இறங்கி ஜன்னல்கள் வெளுத்துவிட்டன. மூன்று முப்பத்தெட்டுக்கு இழுக்கத் தொடங்கினேன். பக்கத்தில் ஸ்டூலின்மேல் கொப்பியும் பேனாவும் இருந்தன. ஒவ்வொரு கை இழுப்பையும் எண்ணி எழுதினேன், எந்த இடத்தில் கேபிள் சிக்குகிறது என்று தெரிந்தால் அடுத்த தடவைக்கு உதவும். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

3.42, இரண்டாவது கை. வெளியே லொறி ஹோர்ன். ஒரு சுண்டு வந்தது. நிறுத்தினேன்.

3.43. இரண்டு சுண்டு. தொடர்ந்தேன்.

3.49, எட்டாவது கை. முடிச்சு எங்கோ மாட்டிக்கொண்டது, நடுச்சுவர் உத்திரமாக இருக்க வேண்டும். நானாவின் பேச்சு நினைவிருந்ததால் பலமாக இழுக்கவில்லை. ஒரு சுண்டு கொடுத்தேன். மறுபக்கத்திலிருந்து கேபிள் பின்னால் போனது. என் கையிலிருந்து அரை முழம், நிதானமாக, ஒரே சீராகப் பின்னால் இழுக்கப்பட்டது. பிறகு கொஞ்சம் தளர்ந்தது. இரண்டு சுண்டு. இழுத்தேன், வந்துவிட்டது. அத்தானுக்கு இவ்வளவு பொறுமை உண்டா என்று ஆச்சரியப்பட்டேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

3.58, பதினேழாவது கை. மூன்று சுண்டு வந்தது. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு ஒன்று. இது எங்கள் ஏற்பாட்டில் இல்லை. அத்தான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும், என்னவோ, அதன் பிறகு கேபிளை இழுக்காமல் இரண்டு கையாலும் ஏந்தி ஏந்தி எடுத்தேன்.

4.04, இருபத்திரண்டாவது கை. புதுக் கேபிளின் டீவிப் பக்கத்து முனை ஒரு கீறலும் இல்லாமல் ஹால் ஓட்டையில் இறங்கியது.

4.09-க்கு முன்வாசல் திறந்தது. அத்தான் மூச்சிரைக்க, சாரமெல்லாம் சேறாக உள்ளே வந்தார். பின்னால் என் மனைவி பிலோமினா ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன மச்சான், ஒரு ஆளு வரமுந்தியே இழுத்து முடிச்சிட்டீங்களா?" என்றார் அத்தான்.

"நீங்கதானே அத்தான் குடுத்தீங்க?"

"நான் எங்க குடுத்தேன்? கொழுந்து லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கவும், ஒன்னு சுண்டிட்டு எறங்கி ஓடுனேன். பாதையில நாங்க வந்த ஓட்டோ குறுக்க நிக்குது. அது ஸ்டார்ட் வரல. அந்த லொறிக்காரன் வாயி இருக்கே, என் மக கல்யாணத்தன்னிக்கு நான் கேக்க வேண்டிய பேச்சா அது? பிலோவும் லொறியில இருந்த ரெண்டு பொம்பளைங்களும் சேந்து வளைவு வரைக்கும் தள்ளி, இப்பத்தான் ஓரங்கட்டிட்டு வாறேன்."

"அண்ணே தள்ளுனதவிட ஏசுனதுதான் கூட" என்றாள் பிலோமினா. "எனக்கு செருப்பு வாரும் அந்துபோச்சு."

நான் அந்த நேரத்தில் பயப்படவில்லை. கணக்குத் தவறியபோது வருகிற எரிச்சல்தான் வந்தது. குசினி வழியாகச் சுற்றிப் பின்னறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏணி, மேசை, லெப்டொப், வேறு யாரும் இல்லை. மிச்சக் கேபிள் வளையமாகச் சுற்றி ஏணியின் மேல்படியில் மாட்டியிருந்தது. தரையில் விட்டுப் போனதாக அத்தான் சொன்னார். அவர் மறந்திருக்கலாம்.

யாரும் கொடுக்காமலும் கேபிள் வரும், அதை ஒப்புக்கொள்கிறேன். இழுத்தால் வளையம் தானாக அவிழ்ந்து வரும். ஆனால் அது பின்னால் போகாது. எண்ணிச் சுண்டாது. அக்காவாக இருக்குமோ என்றும் பார்த்தேன். அவளால் அந்த ஏணியில் இரண்டு படிகூட ஏற முடியாது.

ஹாலுக்குத் திரும்பி அத்தானிடம் கொப்பியைக் காட்டினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். 3.58-இல் விரல் நின்றது.

"இத யாரு ஒங்களுக்கு சொன்னா?"

"எதை?"

"மூனு, விட்டு ஒன்னு." அவர் பாயில் உட்கார்ந்துவிட்டார். "கம்பியில சாக்கு மட்டுமா போகும்? சோத்துக் கேரியர், மருந்துப் போத்தல், எல்லாந்தான் அனுப்புவோம். சாக்குன்னா கீழ போயி மோதி விழும், பரவால்ல. ஒடையிற சாமான்னா மூனு தட்டி, கொஞ்சம் விட்டு ஒன்னு தட்டணும். மோதமுந்தி கையால வாங்குன்னு அர்த்தம். நான் ஒங்களுக்கு இத சொல்லவே இல்ல மச்சான்."

அவர் சொல்லவில்லை. அது உண்மை.

"அந்தக் கம்பியில யாராவது விழுந்து, அடிபட்டு…" என்று கேட்டேன். ஒரு காரணம் கிடைத்தால் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் கேட்டேன்.

"ஒருத்தரும் சாகல. நாலு பேரு வேல செஞ்சோம். ஒரு ஆளு திருச்சியில, ஒரு ஆளு கொழும்புல, மத்தவரு கீழ் டிவிசன்ல ஆடு வளக்கிறாரு. நாலாவது நான். பேய்க்கு ஆளே இல்ல மச்சான்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கம்பி இருந்த இடமும் எங்கள் வீட்டுக்கு மேலே வெகு தூரத்தில். கம்பியைக் கழற்றி விற்று முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வீட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நான் முனையைப் புரொஜெக்டரில் குத்தினேன். பின்னறைக்குப் போய் மறுமுனையை லெப்டொப்பில் குத்தினேன். படம் வந்தது. கோயிலின் நேரலைப் பக்கத்தில், வெறும் பீடமும் வெள்ளைப் பூக்களும், சுவர் நிறைய. மணி நான்கு நாற்பது.

அத்தான் அதைப் பார்க்கவேயில்லை. "இத கழட்டிருவோம்" என்றார். "என் பிள்ள தாலி கட்டுறத, என்னன்னே தெரியாத ஒன்னு தொட்ட கேபிள்லயா பாக்கிறது? நல்ல காரியம் மச்சான். மொத மொத நடக்கிற நல்ல காரியம்."

"கழட்டினா வேற கேபிள் இல்ல அத்தான். பழசு செத்துப்போச்சு."

"போன்ல பாத்துக்கலாம்."

"போன்ல நீங்க பாப்பீங்க" என்று ஒரு குரல் கேட்டது. அக்கா நடு அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது. தடவித் தடவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ தூங்கலயா ரோஸ்?" என்றார் அத்தான்.

"மக கல்யாணத்தன்னிக்கு எவ தூங்குவா? என் தலைக்கு நேர் மேலதான் போச்சு அது. எலி ஓடுற மாதிரியும் இல்ல, தரதரன்னு இழுக்கிற மாதிரியும் இல்ல. புள்ளத்தாச்சியக் கையப் புடிச்சு கூட்டிட்டுப் போற மாதிரி போச்சு. நீங்கதான் குடுக்கிறீங்கன்னு நெனச்சேன். கல்யாணம் கட்டி முப்பத்திரெண்டு வருசத்துல ஒரு சாமான நீங்க இவ்வளவு மெதுவா வச்சதில்லையேன்னும் நெனச்சேன்."

பிலோமினா சிரித்துவிட்டாள். அத்தான் சிரிக்கவில்லை.

"அப்ப இன்னொன்னும் சொல்றேன் கேளு" என்றார். "வேல முடிஞ்சா கீழ உள்ளவன் அஞ்சு தட்டணும். மேல உள்ளவன் திருப்பி அஞ்சு தட்டுவான். அதுக்கு அப்புறந்தான் மேல உள்ளவன் எடத்த விட்டு நகரலாம். ஒரு தரம் கீழ நின்னவன் மறந்து வீட்டுக்குப் போயிட்டான். மேல நான். மழையில எட்டு மணி வரைக்கும் நின்னேன். மச்சான் இன்னும் அஞ்சு குடுக்கல. அங்க எது நிக்குதோ, அது இன்னும் நிக்குது. கேபிள் இருந்துட்டுப் போகட்டும். அஞ்சு குடுத்து அத அனுப்பிருங்க."

"ஒருத்தரையும் அனுப்ப வேணாம்" என்றாள் அக்கா.

"ரோஸ்."

"அனுப்பி, படம் வெட்டுனா? காலையில வெட்டுன மாதிரி மோதிரம் மாத்துற நேரம் பாத்து வெட்டுனா? நீங்க போனத் தூக்கிப் பாத்துக்குவீங்க. நான் செவரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா? எவன் குடுத்தா என்ன. ஒடையாமக் கொண்டாந்து குடுத்திருக்கான். கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் நிக்கட்டும்."

பிலோமினா டீ போட்டாள். ஐந்து மணிக்கு நான் தொழிற்சாலைக்குப் போய், கடைசிக் கொழுந்தை எடை போட்டதைப் பார்த்துவிட்டு, ஆறு பத்துக்குத் திரும்பினேன். அக்கா பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். அத்தான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், ஆனால் பின்னறைப் பக்கச் சுவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

ஆறு முப்பத்து மூன்றுக்குத் தொடங்கியது. எதையும் நேராகப் பார்த்தால் அக்காவுக்கு அது மறைந்துவிடும். அதனால் மகளைப் பார்ப்பதற்காக அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியிலிருந்து யாராவது வந்திருந்தால், எல்லோரும் சுவரைப் பார்க்க இந்த அம்மா மட்டும் ஏன் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஜெனிட்டா நடந்து வந்தபோது கேமராவுக்கு மிக அருகில் வந்துவிட்டாள். தரையிலிருந்து சீலிங் வரை முகம்.

"மெலிஞ்சிட்டா" என்றாள் அக்கா. அந்த முகத்தை அவள் பார்த்து நான்கு வருடம். கொஞ்சம் கழித்து, "மூக்குத்தி போட்டிருக்கா. எனக்கு சொல்லவே இல்ல கழுத" என்றாள்.

மூக்குத்தி இருந்தது. நான் கவனிக்கவில்லை, அவள்தான் கவனித்தாள்.

அறுபத்தெட்டு நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படம் ஒரு தடவைகூட வெட்டவில்லை. ஒரு வெள்ளைப் புள்ளிகூட வரவில்லை. நேரடி ஒளிபரப்பு என்றால் எங்கள் சிக்னலுக்கு இடையில் ஒரு தடவையாவது படம் நின்று வளையம் சுற்றும், அதுவும் இல்லை. தாலி கட்டும்போது அத்தான் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

எல்லாம் முடிந்து, போனில் பேசி, அழுது, சாப்பிட்டபோது மணி எட்டரை. நான் லெப்டொப்பை நிறுத்தி, அதிலிருந்து கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு, பின்னறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். அத்தான் மூன்று தடவை என்னிடம் வந்தார். "வாங்கினது நீங்க. நீங்கதான் குடுக்கணும்" என்றார். ஐந்து சுண்டினால் அங்கே யாரோ நிற்கிறார்கள் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். எனக்குக் களைப்பாக இருக்கிறது என்றேன். அவர் பின்னறையை ஒட்டிய நடு அறைக்குப் போகாமல் ஹாலிலேயே பாய் போட்டார். அன்றைய குறிப்பில் கடைசி வரி: படம் நன்றாக இருந்தது.

இதைச் சொன்னபோது என்னோடு வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு விளக்கம் தந்தார்கள். எலி, காற்று, தகரம் சூடு ஆறும்போது இழுப்பது, என் பிரஷர். எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். 3.43-க்கு எதுவும் பொருந்தவில்லை. மறுநாள் காலை நடந்ததை அவர்களிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது ஐந்து பத்து. ஹாலில் விளக்குப் போட்டேன். அக்கா நேற்றைய அதே நாற்காலியில், அதே பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். படுத்தாளா என்றே தெரியவில்லை. அவள் காலடியில் அத்தான் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குசினியில் பிலோமினா கேத்தலில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். ஆக, வீட்டிலிருந்த நான்கு பேரும் எனக்குத் தெரிந்த இடத்தில். பின்னறைச் சாவி என் சட்டைப்பையில்.

"தம்பி" என்றாள் அக்கா, வழக்கம்போல முகத்தை வேறு பக்கம் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டு. "நான் பாத்துட்டேன். அவர அனுப்பிரு. ராத்திரி முழுக்க நிக்க வச்சிட்டோம்."

நான் முகம் கழுவவில்லை, மாத்திரை போடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். புரொஜெக்டரிலிருந்து கேபிளைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக ஐந்து தடவை சுண்டினேன். சுவர் மணிக்கூட்டின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினொரு நொடி. பிறகு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நான் எண்ணுவதற்கு வசதியாகவே, இடைவெளி விட்டு.

ஐந்தாவதுக்குப் பிறகு, மறுமுனையில் அதுவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்ததைப்போல, கேபிள் ஒரு சாண் தளர்ந்து என் கைக்குள் இறங்கியது. அந்த ஒரு சாண் இன்றும் புரொஜெக்டருக்குப் பின்னால் தொங்குகிறது. நான் அதை உள்ளே தள்ளவில்லை.